விசாவில் தச்சர்

முனியசாமி ஆறு வருஷமாக ஜெபல் அலியிலிருந்து ஓமானின் சொஹாருக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் விசாவில் இருப்பதோ தச்சர் வேலை. கிடைத்த விசாவில் வந்து கிடைத்த வேலையைப் பார்க்கிறவர்கள் வளைகுடாவில் ஏராளம். அவன் உளியைத் தொட்டதே இல்லை.

இன்று எல்லையில் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. பாதுகாப்புக்காகப் புது உத்தரவாம். விசாவில் டிரைவர் என்று இல்லாதவன் லாரியோடு எல்லை தாண்டக் கூடாது. பிடிபட்டால் இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போக முடியாது.

"தோ சால். கலாஸ்" என்று பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார் அதிகாரி. இரண்டு வருஷம், அவ்வளவுதான். முகத்தில் கோபம்கூட இல்லை.

விசாவை மாற்றித் தருகிறோம் என்று போன வருஷமே ஆபீஸில் கூப்பிட்டார்கள். இவன்தான் பிடிகொடுக்கவில்லை. மாற்றி முடிக்கும்வரை ஒரு மாதம் வண்டி எடுக்க முடியாது. ஜோதிமணியைப் பார்க்க முடியாது. பெண்டாட்டி சொஹாரில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அங்கே ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். அதில் ஒரு மாதத்தை விட மனசில்லாமல் மொத்தத்தையும் கோட்டைவிட்டான், மகா புத்திசாலி.

அதுவும் இன்றைக்கா? அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாளா என்று மாலைக்குள் மேடத்திடம் சொல்ல வேண்டும். நீ ஊருக்குப் போ, அக்கா வீட்டில் கிடக்கிற மகளைப் பார் என்று சொல்லத்தான் வந்தான். போனிலும் வழியில்லை, அவளுடைய போனை மேடம் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கொடுப்பாள்.

சரக்குக்குத் தடையில்லை. கம்பெனி அனுப்பிய அன்பரசன், விசாவிலும் டிரைவர், சாவியை வாங்கிக்கொண்டான். இரண்டு வருஷத் தடையைப் பற்றி முனியசாமி அவனிடம் வாய் திறக்கவில்லை.

"தம்பி, அங்க டீக்கடையில மைனி நிப்பா, அவகிட்ட சொல்லிரு. கையெழுத்துப் போட வேண்டாம், ஊருக்குப் போகச் சொன்னேன்னு."

"சொல்லிருதேன், அண்ணாச்சி."

தன் வண்டி தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றிலும் அத்தனை லாரிகள், அத்தனை டிரைவர்கள். ஒருத்தரிடமும் பேசத் தோன்றவில்லை. அழுகை வந்தது. அழுதான்.

மூன்று மணிக்கு அன்பரசன் போனில் ஜோதிமணி பேசினாள். வண்டியைக் கண்டு ஓடிப் போய்ப் பார்த்தால், இறங்கியது வேறு ஆளாம்.

"பதறிப் போயிட்டேன், உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு."

"தம்பி சொன்னானா?"

"சொன்னாரு. ஆனா காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேங்க. ரெண்டு வருஷத்துக்கு. ஏசாதீங்க."

"ஏன் போட்ட?"

"ஊருக்குப் போயிட்டா மாசாமாசம் உங்களை எப்படிப் பாக்க முடியும்?"

முனியசாமி பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் செருகினான்.

"அடுத்த மாசம் வந்துருவீங்கல்ல?"

"வந்துருதேன்" என்றான்.