குழிக்கல்

கழிவுநீர்க் குழாய் மாற்றுவதற்காகத் தோட்டத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார் கொழுந்தன். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ‘ணங்’கென்று எதிலோ இடித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரு கருங்கல். தலையணை அளவு. மேலே உள்ளங்கை அடங்கும்படி ஒரு குழி. அதைப் புரட்டி வெளியே போடுவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

சமையலறை வாசலில் நாற்காலியில் இருந்த அவருடைய அண்ணன் அப்போதுதான் சத்தம் போட்டார்.

“நாளைக்கு! நாளைக்கு!”

காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றாலும் நாளைக்கு, தூக்கம் வருகிறதா என்றாலும் நாளைக்கு. “நீங்க தேர்தல்ல நிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே மனைவி ஊட்டிவிடுவாள். தலையசைப்பையும் நம்பக் கூடாது, ஆமாமும் இல்லையும் மாறிப்போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆனால் அவர் இப்படித் துடித்து அவள் பார்த்ததில்லை. இடது கையால் கல்லைக் காட்டினார், நெஞ்சைத் தொட்டார், தொடையில் அடித்துக்கொண்டார். இந்தக் கல் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தலையாட்டினார். நீங்களா புதைத்தீர்கள் என்றாள். அதற்கும் ஆட்டினார். வீடு வாங்குவதற்கு முன்பே இருந்ததா என்றாள். அதற்கும்.

மருந்து இடிக்கிற உரல் என்றார் கொழுந்தன். நாய்க்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி என்றார் எதிர்வீட்டுக்காரர். அவளோ அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டாள். கல் என்னவென்று தெரிந்துவிட்டால், இவர் சொல்ல வருவதன் ஒரு நுனியாவது கைக்குக் கிடைக்கும் என்று நினைத்தாள்.

வந்த பெண் அதிகாரி கல்லைக் கழுவி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு மனைவியின் விரலைப் பிடித்துக் குழிக்குள் வைத்துத் தடவச் சொன்னாள்.

“உரல்னா அடியில சொரசொரன்னு இருக்கும்மா. இது வழுவழுன்னு, வளையம் வளையமா தேஞ்சிருக்கு. ஏதோ ஒண்ணு இதுல நின்னு சுத்தியிருக்கு.”

கீல் வைக்காத பெரிய கதவுகளின் அடிமுனை இப்படி ஒரு குழியில் நின்றுதான் சுழலுமாம். இது கதவுக் குழிக்கல். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருப்பதால் கதவு சரிந்து தொங்கியிருக்க வேண்டும், அப்படியே வைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்றாள். எத்தனை வருடத்துக் கல் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

மனைவி ஓடிவந்து கணவரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“கதவுக்கு வைக்கிற கல்லாம்ங்க. இதத்தான் சொல்ல வந்தீங்களா?”

அவர் அவளையே பார்த்தார். பிறகு நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு பெரிய விஷயத்தை விளக்குகிறவர்போல, “நாளைக்கு… நாளைக்கு, நாளைக்கு” என்றார். ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக இருந்தது. முடித்துவிட்டு, புரிந்ததா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

அவள் விடவில்லை. தோட்டம் போட்டபோது பார்த்தீர்களா, உங்கள் அப்பா வைத்ததா, திரும்பப் புதைக்க வேண்டுமா, யாரையாவது கூப்பிட வேண்டுமா, எங்கேயாவது வலிக்கிறதா என்று வாய் ஓயும்வரை கேட்டாள். ஒருவேளை கல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லையோ என்றுகூடத் தோன்றியது. கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழிப்பக்கம் போய்விட்டார். அதிகாரி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“எனக்குப் புரியலைங்க” என்றாள் கடைசியில்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அருங்காட்சியகத்தில் இதுபோல் நிறைய இருப்பதால் கல் வீட்டிலேயே தங்கியது. விடிந்ததும் கணவர் அதைப் பார்ப்பார், உடனே ஆரம்பித்துவிடுவார். ஒரு வாய் சோறு இறங்காது. சாக்குப் போட்டு மூடினார்கள். கேட்கவில்லை. கொழுந்தன் அதைக் குழிக்குள்ளேயே தள்ளி மூடினார். அதற்குப் பிறகு அண்ணன் புது மண்ணைப் பார்த்து அழுதார்.

வேறு வழியில்லாமல் நாற்காலியை முன்னறைக்கு மாற்றினாள். அங்கிருந்து தெரு மட்டும்தான் தெரியும். இரண்டொரு நாளில் அவர் அடங்கிப்போனார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும், இப்போது பரவாயில்லையே, அமைதியாக இருக்கிறாரே என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள்.