முன்தேதி

காசநோய் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்துவிட்டு அருள்நாதன் திரும்பியபோது, அவர் விற்பனை வரிக் கணக்கு பார்த்துவந்த கடைகளில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. பாதியை அதே தொழில் செய்த மாசானம் எடுத்துக்கொண்டிருந்தார். மீதியை வட்டாரத்து மற்ற வரி ஆலோசகர்கள் பிய்த்துக்கொண்டார்கள்.

அதே வருஷம், 1967இல், திருவொற்றியூர் வட்டாரத்து வரி ஆலோசகர்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்க எல்லோரும் மாசானம் வீட்டு மாடியில் கூடினார்கள். தலைவராக அருள்நாதன் பெயரையே ஒரே குரலில் சொன்னார்கள்.

"பதவி கெடக்கட்டும். ஒரு விதி வேணும்," என்றார் அருள்நாதன். இருமல் அடங்கியதும் தொடர்ந்தார். "மெம்பர் ஒருத்தர் நோயில விழுந்தா, அவர் கடைங்களை மத்தவங்க பாத்துக்கணும். எழுந்து வந்ததும் திருப்பிக் கொடுத்துடணும்."

"அதுக்குத்தான அண்ணாச்சி சங்கமே!" என்று மாசானம் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

"அப்போ என் கடைங்க?"

ராயபுரத்து ஆலோசகர் இன்னாசி குறுக்கிட்டார். "இன்னா நைனா நீ? சர்க்காரு முன்தேதி போட்டு, போன வருஷத்துக்கும் சேத்து வரி கேட்டா அநியாயம்னு கத்துறவங்க நாம. நாமளே முன்தேதி போட்டா நல்லாவா கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். அருள்நாதனுக்கும் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. விதியை 'இன்று முதல்' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலை போட்டு அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் காத்து நின்ற மனைவி ஃப்ளோரன்ஸ் மாலையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "கடைங்கள திருப்பிக் கொடுத்துட்டாங்களா?"

"கொடுப்பாங்க," என்றார் அருள்நாதன். "நமக்கில்ல. அடுத்து நோயில விழறவனுக்கு."