பத்து மணிக்கு இருபது

படுக்க விடாதே லவினா, இன்னொரு தலையணை கொடு, முதுகுக்கு, இன்னும் மேலே... என்று சொல்லிக்கொண்டே நோரா முனிகிருஷ்ணனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள், மாஸ்க் நழுவியது, அதை முகத்தோடு அழுத்திப் பிடித்து இடது கையால் ஆக்சிஜன் திருகைத் திருப்பினாள், தண்ணீர் பாட்டிலில் குமிழிகள் உலைபோலத் தளதளத்தன, முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நிமிடம் முடிந்தது. முப்பத்தெட்டு மூச்சு! சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்குப் பதினாறு, மிஞ்சினால் இருபது. இவருக்கு முப்பத்தெட்டு, அதுவும் ஆழமில்லாமல், கரைக்கு வந்த மீன்போல. பொம்மனஹள்ளி டியூப்லைட் தொழிற்சாலையில் ஃபோர்மேன், நாற்பத்தாறு வயது, நிமோனியா, இன்று மூன்றாம் நாள், நேற்று மாலைகூட "சிஸ்டர், உங்க வார்டு லைட்டு ஒண்ணு கண்ணடிக்குது, என்கிட்ட சொன்னா மாத்தித் தர மாட்டேனா" என்று கிண்டல் செய்தவர், இப்போது ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குகிறார். கால்மாட்டில் அவர் மனைவி லட்சுமம்மா. "ஸ்வல்ப, கொஞ்சம் பாருங்க சிஸ்டரம்மா, ஏழு மணியிலேர்ந்தே மூக்கு இப்படித்தான் விரியுது. ஆயாகிட்ட சொன்னேன், காபி குடுங்க சரியாப் போயிடும்னு சொல்லிட்டுப் போயிட்டா." ஏழு மணியிலிருந்து... அப்படியென்றால் பத்து மணிக்கு? நோரா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. ஐ.சி.யூ.வில் காலியாக இருப்பது ஒரே ஒரு படுக்கை, பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒருவர் வந்து அதில் படுத்துவிடுவார், அதற்குள் இவரை அங்கே சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டால் மிஷின் இவருக்காக மூச்சு விடும், இல்லையென்றால் இந்த மார்பு இன்னும் எவ்வளவு நேரம் தனியாக இழுக்கும்? டாக்டர் சஞ்சய்க்குப் போன் போயாகிவிட்டது, வந்ததும் முதலில் சார்ட்டைக் கேட்பார், சார்ட்டை...

மூச்சை எண்ணப் போகிறோம் என்று நோயாளிக்குத் தெரியவே கூடாது, அதுதான் நர்சிங் பள்ளியில் மௌரீன் சிஸ்டரின் முதல் பாடம். தொண்ணூற்றொன்றாம் வருடம், டிசம்பர், கன்டோன்மென்ட்டில் பெண்கள் வெள்ளைச் சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிய குளிர், வகுப்பில் இருபத்திரண்டு பேர். "எண்ணுறேன்னு சொன்னா அவன் கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விடுவாம்மா. அதனால நாடி பாக்குற மாதிரி கையைப் பிடிச்சுக்கோ, கண்ணு மட்டும் மார்ல." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அல்போன்சா சும்மா இருப்பாளா? "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க சிஸ்டர், கை பஜ்ஜியில, கண்ணு எங்கேயோ!" வகுப்பே கொல்லென்று சிரித்தது, மௌரீன் சிஸ்டரும் சிரிப்பை அடக்க மூக்கைத் துடைத்தார், அப்புறம் சுள்ளென்று, "சிரிடி, சிரி. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குறவ நீ. வார்டுல எந்த சார்ட்டைப் பார்த்தாலும் இருபது, இருபது, இருபது. எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு மூச்சு விடுறாங்களா? அந்த இருபது நர்ஸோட சோம்பேறித்தனம்." அதற்குப் பிறகு பைத்தியம் பிடித்தாற்போல் எண்ணினார்கள். ஞாயிறு மதியம் விடுதியில் தூங்குகிறவளை எண்ணுவது, சர்ச் பூசையில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓஸ்வால்ட் மாமாவின் கோட்டு முதுகு ஏறி இறங்குவதை எண்ணுவது, பிரசங்கம் நீண்டால் முதுகு பதினான்குக்கு இறங்கும், அல்போன்சா முழங்கையால் இடித்து "தூங்கிட்டாருடி" என்பாள். சளி கட்டிய நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து முதுகில் தட்டுவார்களே, டொப் டொப் டொப் என்று, வார்டின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், யாருடைய தட்டில் சளி முதலில் வரும் என்று பந்தயம் வேறு... என்ன வயது அது, இருமலைக் கேட்டுக் கை தட்டி மகிழ்ந்த வயது! அல்போன்சா இப்போது மஸ்கட்டில். மௌரீன் சிஸ்டர் ஆஸ்திரேலியாவுக்கு, தங்கை வீட்டுக்கு. தானும் இந்த வார்டும் மட்டும் அப்படியே, பதினோரு வருடமாக.

"சார்ட்?" டாக்டர் சஞ்சய் ஓடி வந்திருந்தார், ஸ்டெதஸ்கோப் மார்பில் பதிந்தது, வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது. நோரா கட்டில் கம்பியிலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள், கொடுக்கும்போது கை ஏன் தயங்கியது? இரவுப் பணிக்குச் சிவப்பு மை, பகலுக்கு நீலம், காலை ஆறு மணிக்குச் சிவப்பில் இருபத்து நான்கு. பத்து மணிக்கு நீலத்தில் இருபது. அப்புறம் இப்போது, முப்பத்தெட்டு. "ஆறுக்கு இருபத்து நாலு, பத்துக்கு இருபது. நல்லா இறங்கிட்டுத்தானே வந்திருக்கு? அப்போ இது திடீர்னு ஆனது. வலது பக்கம் காத்துச் சத்தமே இல்லை, லங்ல ஓட்டை விழுந்திருக்கணும். எக்ஸ்ரே எடுக்காம மிஷின் போட்டா ஆபத்து. ஸ்ட்ரெச்சர் கொண்டுவாங்க." எக்ஸ்ரே பின்கட்டிடத்தில், லிஃப்ட் இறங்கி, முற்றம் கடந்து, வரிசையில் நின்று, போய் வர அரைமணி நேரம். பன்னிரண்டு மணி தாண்டிவிடும், படுக்கை போய்விடும். அந்த வலது பக்கம் நேற்றிலிருந்தே சளி இறுகிச் சத்தமில்லாமல்தானே இருக்கிறது? ஓட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு என்று ஏறி ஏறிக் களைத்துப்போன மார்பு இது, லட்சுமம்மா சொன்ன அந்த மூக்கு பொய் சொல்லாது, பொய் சொல்வது... "பத்து மணி ரீடிங் யாரோடது?" டாக்டர் லவினாவைப் பார்த்துத்தான் கேட்டார். பகல் பணிக்கு இரண்டே பேர், அதில் லவினா புதுசு, மூன்று மாதம், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. லவினாவின் காது மடல் சிவந்தது. அவள் நோராவைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை, உடனே தரையைப் பார்த்தாள். "பரவாயில்லைம்மா, உன்னைக் குத்தம் சொல்லலை. திடீர்னு ஆனதுக்கு யார் என்ன பண்ண முடியும்?" என்றார் டாக்டர். யார் என்ன பண்ண முடியும்... எவ்வளவு வசதியான பேச்சு, அதன்மேல் சாய்ந்துகொண்டால் போதும், யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது, சக்கரம் கீச்சிடுகிறது, முனிகிருஷ்ணனின் உதடு நீலம் பாய ஆரம்பித்துவிட்டது, பதினொன்று நாற்பத்தாறு.

"எக்ஸ்ரே வேண்டாம் டாக்டர்." தன் குரலா இது? "திடீர்னு ஆகலை, வலது பக்கம் நேத்திலேர்ந்தே இப்படித்தான். காலையிலேர்ந்து ஏறிட்டேதான் வந்திருக்கு, இவங்க வீட்டம்மா ஏழு மணிக்கே பார்த்திருக்காங்க. அந்த இருபது என்னோடது. எண்ணாம எழுதினேன்." லட்சுமம்மா புரிந்தும் புரியாமலும் "என்னம்மா சொல்றீங்க?" என்றாள். டாக்டர் ஒரு விநாடி நோராவின் முகத்தைப் பார்த்தார், திட்டுவார் என்று நினைத்தாள், திட்டவில்லை, "ஐ.சி.யூ.வுக்குப் போன் போடும்மா, பெட்டை யாருக்கும் குடுக்கக்கூடாது, வந்துட்டே இருக்கோம்னு சொல்லு!" என்று லவினாவிடம் கத்திவிட்டு ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்தார். நோரா சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஓடினாள், ஒரு கை மாஸ்க்கில், கண் மார்பில், நாற்பது, அடக் கடவுளே நாற்பது, மூச்சை இழுங்க அண்ணா, இன்னும் கொஞ்ச தூரம், இழுங்க. தாழ்வாரத்துத் திருப்பத்தில் டாக்டர் திரும்பாமலே கேட்டார். "பதினோரு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. பத்து மணிக்கு எங்கே போயிருந்தீங்க சிஸ்டர்?" எங்கேயும் போகவில்லையே. கட்டில் பக்கத்தில்தான் நின்றாள், இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் முழுதாக. எதிர்க்கட்டில் கிழவருக்கு ஆவி பிடிக்க லவினா வெந்நீரில் டிங்க்சர் பென்சாயின் விட்டாள், அந்தச் சாம்பிராணி வாசனை குப்பென்று வந்தது, இப்போதெல்லாம் யார் அதைக் கொடுக்கிறார்கள், எல்லாம் மிஷின்தானே, எத்தனை வருடம் கழித்துப் பயிற்சிக் காலத்தின் அந்த வாசனை! வந்ததும் டிசம்பர் குளிரும் ஸ்வெட்டரும், இருபத்திரண்டு பேரும், அல்போன்சாவின் சிரிப்பும், "இருபது, இருபது, இருபது" என்று மௌரீன் சிஸ்டர் வகுப்பையே அதட்டிய குரலும்... அந்தக் குரல் காதில் இருக்கும்போதே நிமிடம் முடிந்துவிட்டது, பேனா இருபது என்று எழுதிவிட்டது.