மூணு பள்ளிக்கூடத்து அம்மா

கும்மிடிப்பூண்டிக்குக் குடிவருவதற்கு முன்பே சத்யா பள்ளிக்கூடத்து நேர்காணலுக்குத் தயாராகத் தொடங்கியிருந்தாள். நேர்காணல் உண்டு என்று சொன்னது அவளுடைய நாத்தனார். அவளுக்குத் தெரிந்த யாரோ ஒரு தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போனபோது அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்களாம். டவுன் என்றாலே அப்படித்தான், கவர்மெண்ட் பள்ளியானாலும் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நாத்தனார் தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்துவிட்டாள்.

அன்று முதல் சத்யா மீன் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் பதில்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள்? ஏரியில் இறால் குறைந்துவிட்டது, வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? நன்றாகப் படிப்பார்கள். இந்தக் கடைசிப் பதிலைச் சொல்லும்போது மட்டும் சிரித்துவிடுவாள். பயந்தால் சிரிப்பு வருவது அவளுடைய பிறவிக் குணம்.

பிள்ளைகள் மூன்று பேர். பெரியவள் சோனியா ஒன்பதாவது போகவேண்டும். அடுத்தவன் குப்புராஜ் ஆறாவது. கடைக்குட்டி முத்தம்மாள் அங்கன்வாடி முடித்து ஒன்றாவது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவர்களுடைய குப்பத்தை ஒட்டி இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அங்கன்வாடியும் அதே காம்பவுண்டுக்குள்தான். மூன்றும் சேர்ந்து போகும், சேர்ந்து திரும்பும். இங்கேயும் அப்படி ஒரே வாசல் கிடைத்தால் போதும் என்று பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள் சத்யா.

பள்ளிகள் திறந்த வாரத்தில் ஒரு குட்டியானை வண்டியில் கட்டில், பீரோ, வலை மூட்டை, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வீட்டுக்காரன் முரளிக்கு அன்றுதான் தொழிற்சாலையில் முதல் நாள். முதல் நாளே லீவு கேட்க முடியாது என்று பாதிச் சாமானை இறக்கிவைத்துவிட்டு ஓடினான். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம்வரை கூப்பிடாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

சத்யா உள்ளே கட்டில் காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் மேளச் சத்தம் கேட்டது. ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அது மாணவர் சேர்க்கை ஊர்வலம். ஆசிரியர்கள் முன்னே நடக்க, பிள்ளைகள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று கத்திக்கொண்டு போனார்கள். நடுவில் இரண்டு மேளம். ஒரு டீச்சர் போகிற வழியெல்லாம் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

குப்பத்தில் மேளம் அடித்தால் பின்னால் போவதுதான் வழக்கம். முத்தம்மாள் போனாள். அவளைப் பிடிக்க குப்புராஜ் போனான். "பாத்துக்கினு இரும்மா, இட்டுகினு வந்துடறேன்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு இருவரையும் பிடிக்க சோனியா போனாள். சத்யா கட்டிலை நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தெருமுனைவரை ஓடினாள். அங்கே ரோடு மூன்றாகப் பிரிந்தது. எந்தப் பக்கமும் மேளம் கேட்கவில்லை. லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு ஏஞ்சலின் அப்போதுதான் வெளியே வந்து ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பேக்கிங் கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு வேலை பார்ப்பவள். புதிதாக வந்தவள் நடுரோட்டில் நின்று சிரிக்கிறாளே என்று பார்த்தவள், கிட்டே போனபிறகுதான் கண்ணில் தண்ணீரைக் கண்டாள்.

"இன்னாக்கா ஆச்சி?"

"புள்ளைங்க மூணும் மேளத்துக்குப் பின்னால போயிடுச்சி. எனக்கு இந்த ஊர்ல ஒரு சந்துகூடத் தெரியாது."

"மேளத்துக்குப் பின்னாலதானே? ஸ்கூலுக்குத்தான் போயிருக்கும். ஏறுக்கா வண்டில."

முதலில் அவர்கள் போனது இரண்டு தெரு தள்ளி இருந்த தொடக்கப் பள்ளிக்கு. வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. தலைமையாசிரியை விக்டோரியாவின் மேசைமேல் காகிதக் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தாள் முத்தம்மாள். சுற்றி நாலைந்து கிரீடங்கள். எல்லாம் ஒன்றாம் வகுப்பில் அன்று புதிதாகச் சேர்ந்தவை. முத்தம்மாள் அவர்களுக்கு நண்டு எப்படி நடக்கும் என்று மேசைமேலேயே நடந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பார்த்ததும் இறங்கி ஓடிவருவாள் என்று சத்யா எதிர்பார்த்தாள். அவள் கையை அசைத்ததோடு சரி.

விக்டோரியா டீச்சர் எழுந்து, இந்தக் குழந்தையின் அம்மாவா என்று கேட்டார். அது நேர்காணல் கேள்வி இல்லைதான். ஆனால் பல நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்தது அத்தனையும் சத்யாவின் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

"ஏரியில இறால் கொறஞ்சிப்போச்சி டீச்சர். ஊட்டுக்காரருக்கு சிப்காட்ல வேல. புள்ளைங்க நல்லாப் படிக்கும்."

டீச்சர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நேர்காணல் எல்லாம் இங்கே கிடையாது, பிள்ளைகளைத் தேடி நாங்கள்தான் தெருத்தெருவாக வருகிறோம், பிறந்த தேதிச் சான்றிதழையும் ஆதாரையும் நாளைக்குக் கொண்டுவந்தால் போதும் என்றார். காலையில் சாப்பாடு, மதியம் முட்டையோடு சாப்பாடு, புத்தகம், சீருடை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சத்யாவுக்குப் பாதிதான் காதில் ஏறியது. இதற்காகவா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று நாத்தனார்மேல் கோபம் வந்தது. அது முழுதாக வருவதற்குள் குப்புராஜ் நினைவு வந்துவிட்டது.

"என் பையன் ஆறாவது. அவன் எந்த ரூம்ல இருக்கான்?"

"இங்க அஞ்சாவதோட சரிம்மா. ஆறாவதுன்னா நடுநிலைப் பள்ளிக்குப் போகணும். அவங்க ஊர்வலமும் இன்னிக்குத்தான். பஸ் ஸ்டாண்டு கிட்ட ரெண்டும் ஒண்ணாக் கலந்துடுச்சி. அவங்க மேளம் வேற பெருசு."

பெரிய மேளம் இருந்தால் குப்புராஜ் அதற்குப் பின்னால்தான் போயிருப்பான். முத்தம்மாளைக் கூப்பிட்டுப் பார்த்தாள் சத்யா. அவள் வர மறுத்துவிட்டாள். இருக்கட்டும், சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரட்டும் என்றார் டீச்சர்.

வண்டியில் போகும்போது ஏஞ்சலின் விளக்கிக்கொண்டே வந்தாள். அஞ்சுவரை ஒரு பள்ளி. எட்டுவரை ஒரு பள்ளி. பத்துவரை இருக்கிறது, பன்னிரண்டுவரை இருக்கிறது. பெண்களுக்குத் தனி, எல்லாரும் படிக்க வேறு. சர்ச் சாமியார் நடத்துவது ஒன்று, அங்கே டீச்சர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். சத்யாவுக்குத் தலை சுற்றியது. மூன்று பிள்ளைக்கு ஒரே வாசல் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, மாசாமாசம் பீஸ் கட்டினால் என்றாள் ஏஞ்சலின்.

நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் ஆதிகேசவன் அவர்களை வராந்தாவிலேயே எதிர்கொண்டார். குப்புராஜ் என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மிக நல்ல பையன், வந்த உடனே வகுப்பில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான் என்று சொல்லி ஓர் அறையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். டீச்சர் ஏதோ கேட்க, குப்புராஜ் எழுந்து நின்று கடகடவென்று பதில் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். சத்யாவுக்கு ஒன்று உறைத்தது.

"இன்னா சார், தெலுங்குல பேசறான்?"

ஆந்திர எல்லை பக்கம் என்பதால் இந்தப் பள்ளியில் தெலுங்கு வழிப் பிரிவும் இருக்கிறது என்றார் ஆதிகேசவன். ஊர்வலம் திரும்பியதும் பையன் நேராக அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். டீச்சர் தெலுங்கில் பேர் கேட்டார், அவனும் தெலுங்கிலேயே சொன்னான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏரியின் அந்தக் கரை முழுக்க ஆந்திராப் படகுகள். குப்புராஜ் நடக்கப் பழகியதே அவற்றுக்கு நடுவில்தான். பேசுவான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவனை வெளியே கூப்பிட்டு ஏன்டா இங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டாள்.

"இங்கதாம்மா ஃபேன் சுத்துது. அந்த ரூம்ல எடமே இல்ல. இங்க எல்லாரும் என்னைச் செல்லமா நைனான்னு கூப்பிடறாங்க."

ஆதிகேசவன் தொண்டையைக் கனைத்தார். அந்தப் பிரிவில் பிள்ளைகள் குறைவு, ஒருவன் கூடினாலும் அவருக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் நியாயமான மனிதர். தமிழில் ஐந்து வருஷம் படித்த பையன், வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், அதுவரை எந்த அறையில் உட்கார்ந்தாலும் இது ஒரே பள்ளிதான் என்றார். சத்யா சரி என்று தலையாட்டிவிட்டு அக்கா எங்கே என்று மகனிடம் கேட்டாள். அக்கா வந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தாள், முத்தம்மாள் பெண் பிள்ளை, பெண்கள் பள்ளியில்தான் இருப்பாள் என்று சொல்லிப் போனாள் என்றான் அவன்.

பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் கேட் பூட்டியிருந்தது. காவலாளி விவரம் கேட்டுத் திறந்துவிட்டார். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் சத்யா போனதே இல்லை. மாடியும் மரமுமாக, எங்கே பார்த்தாலும் இரட்டைப் பின்னல்கள். இத்தனை பெண்களில் தன் பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நினைத்தபோதே மாடிப்படியில் சோனியா குதித்து இறங்கி வந்தாள். பின்னால் மேரி டீச்சர்.

திட்டவேண்டும் என்றுதான் சத்யா வாயைத் திறந்தாள். சோனியா முந்திக்கொண்டாள்.

"அம்மா, இங்க லேப்பு இருக்கும்மா. கண்ணாடிக் குடுவையில மெய்யான தேள வச்சிருக்காங்க. ஹேண்ட்பால் டீம் கூட இருக்கு. மேல வந்து பாரேன்."

"தங்கச்சியத் தேடத்தானடி வந்த?"

சோனியாவின் முகம் வெளிறிவிட்டது. அவளைச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். முத்தம்மாள் கிடைத்துவிட்டாள் என்று ஏஞ்சலின் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது. தங்கச்சியைக் காணோம் என்று அழுதுகொண்டே வந்த பெண் இது என்று மேரி டீச்சர் சொன்னார். மற்ற பள்ளிகளுக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன் என்று லேபுக்குள் உட்காரவைத்தாராம். யாரும் எடுக்கவில்லை என்று திரும்பி வந்தபோது அழுகை நின்று, தேளுக்கு எத்தனை கண் என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா, ஒன்பதாவதில் இடம் இருக்கிறது என்றார்.

சான்றிதழ் எந்த மூட்டையில் இருக்கிறது என்று சத்யாவுக்குத் தெரியவில்லை. பாத்திரச் சாக்காக இருக்கலாம். அதைச் சொல்ல ஆரம்பித்தவள் நடுவிலேயே சிரிக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை பயமே இல்லை. காலையில் ஊருக்குள் வந்து இறங்கினோம், மதியத்துக்குள் மூன்று பிள்ளையும் அவரவர் பள்ளிக்கூடத்தை அவரவரே பிடித்துக்கொண்டுவிட்டது என்பதை நினைக்க நினைக்கச் சிரிப்பு பொங்கியது. வராந்தாவின் தூணைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சோனியா சேர்ந்துகொண்டாள், பிறகு ஏஞ்சலின். வகுப்பு நடக்கிறது, மெதுவாக என்று சைகை காட்டிய மேரி டீச்சருக்கும் அடக்க முடியவில்லை.

சாயங்காலம் முரளி வந்தபோது அடுப்பு இன்னும் சாக்குக்குள்தான் இருந்தது. ஏஞ்சலின் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு குண்டான் சாம்பார் சாதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசியதில், பிள்ளைகள் தொலைந்தது அவனுக்குப் புரிவதற்கு முன்பே கிடைத்ததும் புரிந்துவிட்டது. பயப்படக்கூட நேரம் இல்லை. அஞ்சுவரை இங்கே, எட்டுவரை அங்கே என்று சத்யா நிதானமாக விளக்கினாள். முரளி திருப்பிச் சொல்லிப் பார்த்துக் குழம்பி, முத்தம்மாளைப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டான். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

குப்புராஜ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இழுபறி. தமிழிலேயே படிக்கட்டும், தெலுங்கு எழுத்திலிருந்து புதிதாகத் தொடங்கினால் கணக்குப் பாடம் போய்விடும் என்றாள் சத்யா. அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். ஃபேன் காற்றைப் பற்றி மறுபடியும் சொன்னான். முரளி யோசித்து, அம்மா சொல்வதுதான் சரி, தெலுங்கு உன்கூடவே இருக்கும், அதை யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை என்றான். மறுநாள் அவன் தமிழ் அறைக்கு மாறினான். ஆனால் இரண்டு பிரிவுக்கும் சாப்பாடு ஒரே கூடத்தில்தான். நைனா என்று கூப்பிடுகிறவர்கள் பக்கத்தில்தான் இன்றுவரை உட்காருகிறான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று மூன்று பள்ளிகளிலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். மூன்றும் ஒரே நாள், ஒரே மத்தியானம். முரளிக்கு வேலை. ஏஞ்சலின் அன்று வாராந்திர லீவு என்பதால் ஸ்கூட்டியை எடுத்தாள். சத்யா தொடக்கப் பள்ளியில் எழுந்து நின்று, நான் ஒன்பதாவது சோனியாவின் அம்மா என்றாள். விக்டோரியா டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். நடுநிலைப் பள்ளியில், இடமில்லாத அந்த அறைக்கு ஒரு ஃபேன் வேண்டும் என்று யாரும் கேட்காமலே எழுந்து சொன்னாள். கை தட்டினார்கள். ஆதிகேசவன் அதைக் குறித்துக்கொண்டார்.

பெண்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேரி டீச்சர் பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை இரண்டு கப்பில் ஊற்றிக் கொடுத்தார். சத்யா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தேள் எந்த ரூமில் இருக்கிறது என்று கேட்டாள்.