இருநூற்று முப்பதாம் ஜெட்

என் அக்கா யாமிலெத் வாரத்தில் ஆறு நாள் கரும்பு ரயில் ஓட்டுகிறாள். ரயில் என்றால் தண்டவாளம் கிடையாது. ஒரு டிராக்டர், அதன் பின்னால் நான்கு கூண்டு வண்டிகள், நிறையக் கரும்பு, மணிக்கு இருபது கிலோமீட்டர். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்காரர்கள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அவள் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். ஏழாவது நாள், எங்கள் பழைய நூற்றுப் பதினைந்து சிசி டூ-ஸ்ட்ரோக்கில் ஏறி உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். நாற்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகள், இடுப்பு வலி எல்லாம் அன்றைக்கு லீவு போட்டுவிடும்.

ஓட்டுகிறவள் அவள், இன்ஜின் வேலை என்னுடையது. எங்கள் பள்ளத்தாக்கில் கரும்புக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்கென்று ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விமானம் கிடையாது, அதனால் அது எங்களுக்கு. அந்தத் தளத்தில் நூற்றுப் பதினைந்து சிசி வண்டி எதுவும் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. போன வியாழக்கிழமை அக்கா என் பட்டறைக்கு வந்து, பெரேய்ரா ஊர்ப் பந்தயக் குழு ஒன்று தன்னைக் கூப்பிடுகிறது என்றாள். அவர்கள் வண்டி, அவர்கள் மெக்கானிக்.

"ஞாயித்துக்கெழம நூத்தம்பது தாண்டலேன்னா நான் அவங்களோட போறேன். கோபமெல்லாம் இல்லடா எடின்சன். எனக்கு வயசாகுது, அவ்வளவுதான்."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த வண்டியின் சைலன்சரைப் பதினோரு தகட்டுக் கூம்புகள் வெட்டிச் சுருட்டிப் பற்றவைத்து நானே செய்தேன். நடுவில் கர்ப்பிணி வயிறு மாதிரி பெருத்து, வாலில் சிறுத்திருக்கும். எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோலை, வாலில் மோதித் திரும்பும் அதிர்வு மறுபடி இன்ஜினுக்குள் தள்ளிவிடும். ஒன்பதாயிரம் சுற்று வரை வண்டி இருமிக்கொண்டு கிடக்கும். அதைத் தாண்டினால் ஒரு நொடியில் சத்தம் மாறும். இருபது வருடமாகக் கேட்கிறேன், அந்த நொடியில் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. தகட்டை வெட்டியவன் நான்தான். உள்ளே நடப்பது என் கைவேலை என்று மட்டும் நம்ப முடிவதில்லை.

சைலன்சரால் மட்டும் ஆகாது. கார்ப்பரேட்டருக்குள் சுண்டுவிரல் நகமளவு ஒரு பித்தளை ஜெட் உண்டு, நடுவில் துளை. ஜெட்டின் எண் குறைந்தால் துளையும் சிறுக்கும். துளை சிறுத்தால் பெட்ரோல் குறையும், உச்ச வேகம் கூடும். அளவுக்கு மீறிச் சிறுத்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நிற்கும், ஓட்டியவர் பறப்பார். இரண்டு வருடம் முன்பு என் நண்பன் ரூபியேல் அப்படித்தான் பறந்தான். ஜெட் நான் போட்டது. இப்போது இடுப்பில் கம்பியோடு, தளத்தின் கடைசியில் வேகம் அளக்கும் கருவிக்குக் காவல் இருக்கிறான். அவன் என்னை என்றைக்கோ மன்னித்துவிட்டான். என் கைதான் மன்னிக்கவில்லை.

அதனால் அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். மற்றவர்கள் உச்ச வேகத்தில் இடக்கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, கீழே முன்சக்கரத்தின் ஃபோர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு டாங்க்கோடு ஒட்டிப் படுப்பார்கள். முழங்கை காற்றில் மோதாது, இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடும். அக்கா அப்படிப் படுக்கக் கூடாது. இரண்டு விரல் எப்போதும் கிளட்சில் இருக்க வேண்டும். இன்ஜின் பிடித்தால் கிளட்சை இழுத்துத் தப்பிக்கலாம். அம்மாவின் கல்லறையில் கை வைத்துச் சொல்ல வைத்தேன்.

ஞாயிறு வந்தது. ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டம். எங்கோ கரும்புத் தோகை எரித்திருந்தார்கள், கரி மழையாகக் கொட்டியது. கார்ப்பரேட்டரின் வாய்க்கு அக்காவின் பழைய காலுறையை மாட்டினேன். முதல் ஓட்டத்தில் நூற்று நாற்பத்தாறு.

முழு வேகத்தில் இன்ஜினை அணைத்து, அப்படியே உருண்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். உச்சியில் உள்ளே என்ன எரிந்தது என்பது அதன் நிறத்தில் தங்கியிருக்கும். நான் போய்ச் சேருவதற்குள் அக்காவே கழற்றிவிட்டாள். கையுறையில் வைத்து நீட்டினாள். கருகிய கறுப்பு, பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்.

"எத்தன நம்பர் போட்ட?"

காலைக் காற்று கனமாக இருந்தது, ஈரம் வேறு என்று என்னவோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"இருநூத்து முப்பதுன்னு பேசினோம். இது நாப்பது. காத்து மேல பழி போடாதடா. இது உன் பயம்."

அங்கே நின்றே வெட்கப்பட்டேன்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். உப்பும் தேனும் போட்ட சோந்தாதுரோப் பழம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக் கரும்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ரெண்டும் உன் கையில இருக்கு. தோணுறதப் போடு. எதப் போட்டேன்னு எங்கிட்ட சொல்லாத."

இரண்டு ஜெட்டும் உள்ளங்கையில் ஒரே மாதிரி கிடந்தன. பெரியதைப் போட்டால் தோற்போம், ஆனால் அவள் நடந்து வீட்டுக்கு வருவாள். மறுபடி நாற்பதையே போட்டு முடுக்கினேன். ஓரமாக நின்ற ரூபியேல் அதைப் பார்த்தான், காலை இழுத்துக்கொண்டு தன் கருவியிடம் போனான். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். ரூபியேலுக்குப் போட்ட நாளில் நான் பிளக்கைப் பார்க்கவேயில்லை, அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். இன்று என்னிடம் கறுப்புப் பிளக் இருக்கிறது. இவ்வளவு கறுத்திருந்தால் ஒரு படி குறைப்பது தப்பே இல்லை. நாற்பதைக் கழற்றி முப்பதைப் போட்டேன். திருகு சரியாக இறங்கியது.

தளத்தின் பாதிக்கு மேல், கரும்பு ஓரமாகப் போய் நின்றேன். வண்டி கிளம்பியது, இருமியது, திணறியது. பிறகு அந்தச் சத்தம் மாறியது. அந்த மாதிரி மாறி நான் கேட்டதில்லை. அது ஏறிக்கொண்டே போனது, இதற்கு மேல் இல்லை என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் ஏறியது.

என்னைக் கடக்கும் முன்பு அவள் இடக்கை ஹேண்டில்பாரை விட்டது. கிளட்சை விட்டு அமைதியாகக் கீழே இறங்கி ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டது. அக்கா டாங்க்குக்குள் மறைந்து போனாள். நான் கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. இன்ஜின் பிடித்தால் அவளிடம் ஒன்றுமே இல்லை. நான் போட்ட ஒரு துளைதான் இருந்தது.

சத்தம் பிசகவில்லை. தூரத்தில் ரூபியேல் பலகையைத் தூக்கினான். நூற்று ஐம்பத்து மூன்று.

ஓடிப் போனேன். அவள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிளக்கைத் தொடவில்லை, நீயே கழற்று என்றாள். விரல் சுட்டது. பால் விட்ட காப்பி நிறம், அப்பழுக்கில்லை. அழுதுகொண்டே சண்டைக்குப் போனேன்.

"அம்மா கல்லறையில சொன்னியே."

"முப்பது போடறேன்னு நீயும்தான் சொன்ன. ஒண்ணுக்கு ஒண்ணு."

"இன்ஜின் பிடிச்சிருந்தா? நான் எதப் போட்டேன்னுகூட உனக்குத் தெரியாதே."

"கெளப்புனதுமே தெரிஞ்சுது, முப்பதுன்னு."

"தெரிஞ்சுமா கைய எடுத்த?"

"தெரிஞ்சதாலதான்டா எடுத்தேன்" என்றாள், ஹெல்மெட்டை என் மடியில் போட்டுவிட்டு.

மறுநாள் காலை கரும்பு ரயிலுக்குப் பின்னால் நானும் மாட்டிக்கொண்டேன். முன்னால் அவள், பின்னால் பஸ்காரர்களின் திட்டு. இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஆலை வாசல் வரைக்கும் போனேன். வழி கிடைத்தும் முந்தவில்லை.