ஆறாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றவர்கள்

ஆறாவது கேள்விக்கு நான் ‘இல்லை’ என்று போட்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில், கூட்ட அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி. நீள மேசை, சுவரில் வெள்ளைப் பலகை, தட்டில் யாரும் முதலில் கைவைக்கத் துணியாத பிஸ்கட். கணையத்தில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களையும், பறிகொடுத்த வீட்டாரையும் மாதம் ஒருமுறை அங்கே கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். பிழைத்தவர்கள் என்று பார்த்தால் நாங்கள் மூன்று பேர். மீதி ஏழு நாற்காலியும் வீட்டார்தான்.

இந்த நோய் வயிற்றுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஓசைப்படாமல் வளரும். தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் தெருமுனைக் கிளினிக்குகளில் வைக்க ஒரு கேள்வித்தாள் தயாராகிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை, வீட்டார் என்றால் இறந்தவர் சார்பில், நிரப்பிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். குறை சொல்லக் கூப்பிட்டு டீயும் கொடுக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்பது என் மனைவியின் கருத்து.

“இந்த ஆறாவது கேள்விதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது,” என்றார் டாக்டரம்மா. சின்ன வயசு. விடை தெரியாத விஷயம் கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும் ரகம். “மலத்தின் தன்மையில் மாற்றம் உள்ளதான்னு கேட்டிருக்கோம். கிட்டத்தட்ட எல்லாருமே இல்லைன்னு போட்டிருக்கீங்க. கணையம் வேலை செய்யலைன்னா சாப்பிட்ட எண்ணெய் செரிக்காம அப்படியே வெளிய வரும். நோய் வந்தவங்கள்ல பாதிப் பேருக்காவது அது இருந்திருக்கணுமே?”

“இவரு போட்டிருக்கிறது பச்சைப் பொய், டாக்டர்,” என்றாள் என் மனைவி. “ஆறு மாசம் எங்க வீட்டு ஃப்ளஷ் டேங்கோட குஸ்தி போட்டாரு. கேளுங்க.”

எனக்கு மானம் போயிற்று. நான் பிளம்பர். இருபத்தெட்டு வருடம். என் வீட்டுக் கழிவறையில் தண்ணீர் விட்டால் போக வேண்டியது போகாமல் மிதந்தது. பிளம்பர் என்ன செய்வான்? டேங்கைத் திறந்தேன். முதலில் வாஷரை மாற்றினேன். பிறகு உள்ளே இருந்த சாமான் மொத்தத்தையும் மாற்றினேன். கடைசியில் டேங்கையே கழற்றிவிட்டுப் புதுசாக வேறொன்றை, ஒரு சாண் உயர்த்தி மாட்டினேன். தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. மிதந்தது மிதந்தபடியே நின்றது. டேங்கைச் செய்து விற்றவனைத் திட்டினேன், வீடு கட்டிய கொத்தனாரைத் திட்டினேன். கடைசியில் என் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஏதோ நல்ல காலம், கட்டி அறுத்து எடுக்கிற நிலையில் இருந்தது.

இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“கண்ணு மஞ்சளாகறதுக்கு எவ்வளவு நாள் முன்னாடி இது?”

“ஆறு மாசம் இருக்கும்.”

“ஆறு மாசம்,” என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். “அப்புறம் ஏன் இல்லைன்னு போட்டீங்க?”

“டேங்க் பிரச்சனைன்னுதானே நினைச்சேன். கேள்வியில டேங்க் இல்லையே.”

அப்போதுதான் எதிரில் இருந்த கண்டக்டர் அக்கா வாயைத் திறந்தார். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்துகிற குரல், அந்த அறையில் அதுவரை வெளியே வந்ததே இல்லை. தம்பியை இழந்தவர். “என் தம்பி உள்ள போனா மூணு பக்கெட் தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும்,” என்றார். “தண்ணிய இப்படி வீணாக்கறியேன்னு தினமும் திட்டுவேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டான். நானும் இல்லைன்னுதான் போட்டிருக்கேன்.”

மூலையில் இருந்த பெரியவர் ஒருவர், கிளினிக்கில் நாலு பேர் முன்னால் இதையெல்லாம் கேட்டால் ஜனங்கள் முகம் சுளிப்பார்களே என்று இழுத்தார்.

“கடைசி மூணு மாசம் அவனுக்கு எல்லாம் நான்தான் பாத்தேன்,” என்றார் அக்கா. “அதுல இல்லாத அசிங்கம் கேள்வியில என்ன இருக்கு?”

அன்றைக்கே ஆறாவது கேள்வியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். ஒரு தடவை தண்ணீர் விட்டால் போகவில்லையா? மிதக்கிறதா? வெளிறி, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா? டாக்டரம்மா ஒன்றை மட்டும் மறுபடி மறுபடி சொன்னார். இது இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு, ஆனால் வாரக்கணக்கில் நீடித்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் குடைச்சல் ஆரம்பித்தது. ‘ஃப்ளஷ் சரியா தள்ள மாட்டேங்குது’ என்று இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள்? எத்தனை டேங்கில் உண்மையிலேயே கோளாறு இருந்தது? கூப்பிட்டால் போவேன், எதையாவது மாற்றுவேன், கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். மறுபடி கூப்பிடாவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் ஏன் மறுபடி கூப்பிடவில்லை என்று இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒரு வீடும் முழுதாக ஞாபகத்துக்கு வரவில்லை. டேங்குகள்தான் ஞாபகம் வந்தன.

போன வாரம் காலை பத்து மணிக்கு ஒரு டீச்சரம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஃப்ளஷ்தான். டேங்கைத் திறந்தேன். போட்டு இரண்டு வருடம்கூட இருக்காது. தண்ணீர் சரியான மட்டத்தில் நின்றது. மிதவை ஒழுங்காக ஏறி இறங்கியது. காகிதத்தைக் கசக்கி ஆறு உருண்டை போட்டு இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் ஆறும் போயின. எட்டு போட்டேன். எட்டும் போயின. பையில் புது வாஷர் இருந்தது. மாற்றிவிட்டுக் கிளம்ப ஐந்து நிமிடம் போதும். பிளம்பர் வந்து வீட்டுக்காரர் வயிற்றைப் பற்றி விசாரித்தால் அடுத்த தடவை யார் கூப்பிடுவார்கள்? கை தானாகவே பைக்குள் போய்விட்டது. வெறுங்கையாக வெளியே எடுத்தேன்.

“புதுசு போடணுமாங்க?” என்றார் டீச்சரம்மா வாசலில் நின்றபடி.

“டேங்க்ல ஒண்ணுமில்லம்மா.” பையை மூடினேன். “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் போனாலும் தள்ள மாட்டேங்குதா, இல்ல ஒருத்தர் போனா மட்டுமா?”

அவர் புருவத்தை நெரித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, “அவர் போனாத்தான்,” என்றார்.

“எவ்வளவு நாளா?”

அவர் கூடத்தின் பக்கம் திரும்பி, “என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க,” என்று கூப்பிட்டார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி ஒருவர் வந்து நின்றார். “இன்னும் சரியாகலையா?” என்று கேட்டார். நான் மூடியை மெல்ல டேங்கின் மேல் பொருத்தினேன். அவர் டேங்கையும் என்னையும் தன் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.