ரூட் கணக்கில் உட்கார்ந்த சந்தானம்

ஆனையூரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் சந்தானம், கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரில் ரூட் கணக்கில்தான் நுழைவார். எதையும் மாற்றவும் அழிக்கவும் முழு அதிகாரம் உள்ள கணக்கு அது. போன மாதம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஸ்டீவ், அன்றாட வேலைக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கும் வைத்துக் கொடுத்திருந்தார். அதில் புதிதாக எந்த புரோகிராம் போட்டாலும் பாஸ்வேர்டு கேட்கும்.

"என் மிஷினு. நான் எவன்கிட்ட பெர்மிஷன் கேக்கணும்?" என்று சந்தானம் அதைத் தொடவே இல்லை.

அன்று தெரசா டீச்சர் மகள் ஜெஸியின் பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் டீச்சர் உசிலம்பட்டிக்கு அழைப்பு வைக்கக் கிளம்புகிறார். அந்த நேரம் பார்த்து, டிஸ்கில் இடமில்லை என்று திரையில் வந்தது. தான் வைக்காத பெயரில் இருந்த ஃபோல்டர் எல்லாம் குப்பை என்று நினைத்து சந்தானம் அழிக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசவில்லை. மூன்றாவது ஃபோல்டரோடு திரை உறைந்தது. ஆஃப் செய்து போட்டால் கருப்புத் திரையில் நாலு வரி இங்கிலீஷ்.

"அண்ணே, ரெடியா?" என்று வந்தார் டீச்சர்.

"மிஷினு... படுத்துருச்சு டீச்சர்."

"படுத்துருச்சா? நாலு தடவை திருத்துனோமேண்ணே! திருப்பி அடிக்கையில சம்பந்தி வீட்டுல ஒரு பேரு விட்டுப்போனா என் மகளை வாழவிட மாட்டாங்க!"

சந்தானம் போன் போட்டதும் ஸ்டீவ் வந்தார்.

"எதண்ணே அழிச்சீங்க?"

"பேரு தெரியாததை எல்லாம்."

"நல்லவேளை, என் பேரு தெரியும்."

பென்டிரைவில் வேறொரு லினக்ஸை ஓடவிட்டு உள்ளே தேடினார்.

"பத்திரிகை பத்திரமா இருக்குண்ணே. போனது மிஷினு ஓடுறதுக்கான ஃபைலுக. அதை நான் திரும்பப் போட்டுக்கிறேன். சாதாரணக் கணக்குல இருந்திருந்தா, அழிக்க முடியாதுன்னு அதுவே தடுத்திருக்கும்."

"மாதாவே!" என்று டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஜெஸியின் பெயரைத் திரையில் பார்த்த பிறகுதான் சந்தானத்துக்கு மூச்சு வந்தது. ஃபைல் உடனே பிரஸ்ஸுக்குப் போனது.

"ஸ்டீவு, இனிமே தினம் சாதாரணக் கணக்குதான். பாஸ்வேர்டு கேட்டா, எதுக்குக் கேக்குதுன்னு படிச்சுட்டுத்தான் அடிப்பேன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எம்புட்டு அதிகாரம் கையில இருந்தாலும், தேவைக்கு மட்டும் எடுக்கணும்ணே. உங்களைத் தடுக்குற கம்ப்யூட்டருதான் உங்களைக் காப்பாத்தும்."